ஆன்டிபாடி அளவு இறங்கினால் பாதுகாப்பும் போய்விடுமா? பி செல் கணக்கில் ஒரு சந்தேகம்

படிகம் (கேள்வி)

பி செல்கள் (நோய் எதிர்ப்புக்கான ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை) பற்றிப் பாடநூல் சொல்வது ஓரளவு தெரியும். கிருமி வருகிறது, அதற்குப் பொருந்தும் பி செல் பெருகுகிறது, பாதி பிளாஸ்மா செல்லாகி ஆன்டிபாடி என்ற, கிருமியோடு ஒட்டும் புரதத்தைக் கொட்டுகிறது, மீதி நினைவு செல்லாகிக் காத்திருக்கிறது. அதுவரை சரி. தடுப்பூசி விதிகளைப் பார்க்கும்போதுதான் குழம்புகிறது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு, அப்போது ஆன்டிபாடி நன்றாக ஏறியவருக்கு, பதினைந்து வருஷம் கழித்து அளவு மில்லிலிட்டருக்கு 10 எம்ஐயு-வுக்குக் (மில்லி பன்னாட்டு அலகு) கீழே போனாலும் மறுபடி ஊசி வேண்டாம் என்கிறார்கள். டெட்டனஸ் என்றால் அளவு இறங்க விடாமல் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். ரேபிஸில் இன்னும் வேடிக்கை: முன்பே முழுத் தவணை போட்டவரையும் நாய் கடித்தால் ஊசி உண்டு, ஆனால் காயத்தில் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் (வெளியிலிருந்து தரும் தயார் ஆன்டிபாடி) கிடையாது. மூன்றுமே பி செல் செய்யும் வேலைதானே? ஒரே வேலைக்கு ஏன் மூன்று விதி?

நினைவு செல் இருந்தால் போதும் என்றால் ஆன்டிபாடியை எதற்கு அளக்கிறோம்? ஆன்டிபாடிதான் முக்கியம் என்றால் நினைவு செல்லுக்கு என்ன வேலை? எந்த செல் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் ஆகிறது என்ற கணக்கோடு யாராவது சொன்னால் நல்லது.

மஜ்ஜை

"பாதி பிளாஸ்மா செல், மீதி நினைவு செல்" என்ற வரியில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு தொற்றிலிருந்தோ ஊசியிலிருந்தோ கிளம்புவது இரண்டு கூட்டம் அல்ல, மூன்று: சில நாளே வாழும் பிளாஸ்மா செல், வருஷக்கணக்கில் வாழும் பிளாஸ்மா செல், நினைவு பி செல். மூன்றும் பிறக்கும் நேரமும் இடமும் வேறு. நாள் வாரியாகப் பார்த்தால் விளங்கும்.

ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே ஆன்டிஜென் (பி செல் அடையாளம் காணும் அந்நியப் பொருள்) நிணநீரோடு ஓடி அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போய்விடும். அங்கே அதற்குப் பொருந்தும் ஏற்பியோடு இருக்கிற பி செல் மிக அபூர்வம். லட்சத்தில் ஒன்று, சிலவற்றுக்குப் பத்து லட்சத்தில் ஒன்று. இந்த ஏற்பி ஆன்டிஜெனைப் பார்த்துச் செய்யப்பட்டதல்ல. எலும்பு மஜ்ஜையில் அந்த செல் உருவானபோதே வி, டி, ஜே என்ற மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டுச் செய்தது. (இந்த வெட்டி ஒட்டலைக் கண்டறிந்ததற்குத்தான் சுசுமு தொனெகாவாவுக்கு 1987-ல் நோபல்.) ஆகவே முதல் தாமதம் தேடும் தாமதம்: கோடிக்கணக்கான பூட்டுகளில் சாவிக்குப் பொருந்துகிற ஒன்றிரண்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பொருந்தியதும் பி செல் ஆன்டிஜெனை ஏற்பியோடு சேர்த்து உள்ளே இழுத்து, புரதத்தைத் துண்டுகளாக்கி, எம்எச்சி 2 என்ற காட்சித்தட்டு மூலக்கூறின் மேல் வைத்து, உதவி டி செல் என்ற மற்றொரு வெள்ளணுவிடம் காட்டுகிறது. அதே துண்டை ஏற்கெனவே அடையாளம் கண்ட டி செல், பி செல்லின் மேலுள்ள சிடி40 என்ற புரதம் வழியாக அனுமதி தரும். இது இரண்டாம் மூன்றாம் நாள் விஷயம். ஆன்டிபாடி ஐஜிஎம் என்ற முதல் ரகத்திலிருந்து ஐஜிஜி என்ற ரகத்துக்கு மாறுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. மாறும்போது நடுவிலுள்ள டிஎன்ஏ வெட்டி எறியப்படுவதால் திரும்பி வர வழியில்லை; ஐஜிஜி-க்குப் போன செல் மறுபடி ஐஜிஎம் செய்யாது.

அனுமதி பெற்றவற்றில் ஒரு பகுதி அவசரப் படை. கணுவின் ஓரத்திலேயே பெருகி, கைவசம் உள்ள ஏற்பியையே ஆன்டிபாடியாகக் கக்கும். பெரும்பாலும் ஐஜிஎம், ஒட்டும் பிடி சுமார்தான். முதல் தொற்றில் 5 முதல் 7 நாளில் ரத்தத்தில் தெரிகிற ஆன்டிபாடி இவற்றினுடையது. சில நாளில் இவை செத்துப்போகும்.

மற்றொரு பகுதி கணுவின் உள்ளே போய் ஜெர்மினல் சென்டர் என்ற பட்டறையை அமைக்கிறது. அது உருவாக ஏறத்தாழ ஒரு வாரம், இயங்குவது பல வாரம். அங்கே ஏஐடி என்ற நொதி, ஆன்டிபாடி மரபணுவின் பிணைப்புப் பகுதியில் வேண்டுமென்றே பிழை போடுகிறது: செல் ஒருமுறை பிரியும்போது ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழை. சாதாரண டிஎன்ஏ பிழை வீதத்தைவிட இது சுமார் பத்து லட்சம் மடங்கு. பெரும்பாலான பிழைகள் பயனற்றவை, சில கெடுதலானவை. பிழை போட்டுக்கொண்ட செல் பக்கத்துப் பகுதிக்கு நகர்ந்து, அங்கே உள்ள ஃபாலிக்குலர் டெண்ட்ரைட்டிக் செல் பிடித்து வைத்திருக்கும் ஆன்டிஜெனைப் பிய்த்தெடுக்க வேண்டும். அதிகம் பிய்த்தவனுக்கு அதிக டி செல் உதவி. பிய்க்க முடியாதவன் சாவான். பக்கத்திலேயே இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல் விழுங்கிவிடும். வென்றவன் மறுபடி உள்ளே போய்ப் பிரிவான், மறுபடி பிழை, மறுபடி போட்டி. இப்படிச் சில வாரத்தில் பிடியின் வலு நூறு மடங்குக்கு மேலும் கூடலாம்.

இந்தப் பட்டறையிலிருந்து இரண்டு சரக்கு வெளியே வருகிறது. எலிகளில் பார்த்தவரை நினைவு செல்கள் முன்னதாகவும், நீண்ட ஆயுள் பிளாஸ்மா செல்கள் பின்னதாகவும் அதிகம் வருகின்றன. பிளாஸ்மா செல் எலும்பு மஜ்ஜைக்குப் போய் ஓர் இடம் பிடித்து உட்காரும். அது பிரியாது, இடம் மாறாது, நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும், கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும். நினைவு செல் நேர் எதிர்: எதையும் சுரக்காது. மண்ணீரலிலும் கணுக்களிலும் ரத்தத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆன்டிஜெனை மறுபடி கண்டால்தான் பிளாஸ்மா செல்லாக மாறும்.

ரத்தப் பரிசோதனையில் தெரியும் எண் மஜ்ஜையில் உட்கார்ந்திருப்பவனின் உற்பத்தி மட்டுமே. ஐஜிஜி-யின் அரை ஆயுள் சுமார் 21 நாள். உற்பத்தி இன்று நின்றால் ஒரு வருஷத்தில் 17 முறை பாதியாகும். மிஞ்சுவது லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இருபது வருஷத்துக்குப் பின் ஒருவர் ரத்தத்தில் தட்டம்மை ஆன்டிபாடி இருந்தால் அது பழைய சேமிப்பு அல்ல, போன வாரம் செய்தது.

தாமிரக்கம்பி

மேலே சொன்னதைப் பிடித்துக்கொண்டு மூன்று விதிகளுக்கு வருகிறேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கிருமி உடம்பில் தீங்கு செய்ய எடுக்கும் நாளும், நினைவு செல் விழித்து ஆன்டிபாடி ஏற எடுக்கும் நாளும், இதில் எது குறைவு?

நினைவு செல் பிளாஸ்மா செல்லாகி ரத்த அளவு உருப்படியாக ஏற நான்கு முதல் ஏழு நாள் பிடிக்கும். முதல் தடவையைவிட வேகம்தான், ஆனால் உடனடி இல்லை.

ஹெபடைடிஸ் பி வைரஸ் நோயாக வெளிப்பட 30 முதல் 180 நாள். ஒரு வாரத்தில் எழுந்தாலும் நினைவு செல்லுக்குத் தாராளமான அவகாசம். அதனால்தான் ஆரோக்கியமான ஒருவருக்கு முதலில் 10-க்கு மேல் ஏறியிருந்தால், பிறகு இறங்கினாலும் கவலை இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்தத் தளர்வு கிடையாது. வருஷா வருஷம் அளந்து, 10-க்குக் கீழே போனால் ஊக்கத் தவணை.

டெட்டனஸில் எதிரி கிருமியே இல்லை, அதன் நச்சு. உயிரைப் பறிக்க உடல் எடையில் கிலோவுக்குச் சில நானோகிராம் போதும். அந்த அளவு நினைவு செல்லை எழுப்பக்கூடக் காணாது. நச்சு நரம்புக்குள் ஏறிவிட்டால் ஆன்டிபாடி அங்கே போய்ச் சேராது. ஆகவே நச்சு வெளிப்படும் அந்தக் கணத்தில் ஆன்டிபாடி திரவத்தில் தயாராக இருந்தாக வேண்டும். நினைவு இருந்து பயனில்லை, அளவுதான் எல்லாம். டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் வராது, அவருக்கும் ஊசி போட வேண்டும் என்பதற்கும் காரணம் இதே: கொல்லத் தேவையான அளவு, பி செல்லைத் தூண்டத் தேவையான அளவைவிடக் குறைவு.

ரேபிஸ் நடுவில் நிற்கிறது. வைரஸ் நரம்பு வழியே மூளைக்குப் போக வழக்கமாக வாரங்கள், மாதங்கள் ஆகும். முன்பு ஊசி போடாதவருக்கு முதல் தவணையிலிருந்து சொந்த ஆன்டிபாடி வர 7 முதல் 10 நாள். அந்த இடைவெளியை அடைக்கத்தான் வெளியிலிருந்து இம்யூனோகுளோபுலின்: மனித ரகம் என்றால் கிலோவுக்கு 20 அலகு, குதிரை ரகம் என்றால் 40 அலகு, அதுதான் உச்ச வரம்பு. காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். தடுப்பூசியையும் இதையும் ஒரே சிரிஞ்சில் கலக்கவோ ஒரே இடத்தில் போடவோ கூடாது; தடுப்பூசியின் ஆன்டிஜெனை இது மூடிவிடும். முதல் தவணையிலிருந்து ஏழு நாள் தாண்டிவிட்டால் கொடுப்பதில்லை, அதற்குள் சொந்த ஆன்டிபாடி ஏறத் தொடங்கியிருக்கும். முன்பே முழுத் தவணை போட்டவரிடம் நினைவு செல் இருக்கிறது. 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு ஊசி போதும், அளவு சட்டென்று ஏறும். அவருக்கு வெளி ஆன்டிபாடி தேவையும் இல்லை, கொடுத்தால் நினைவு செல் எழுவதைக் கெடுக்கவும் கூடும்.

நினைவு செல் மட்டும் போதும் என்று நம்பி ஏமாந்த உதாரணமும் உண்டு. பிரிட்டன் 1999-ல் மெனிங்கோகாக்கஸ் சி (மூளை உறை அழற்சி தரும் ஒரு பாக்டீரியா) தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு 2, 3, 4 மாதங்களில் கொடுக்கத் தொடங்கியது. நினைவு செல் உருவானது, சோதனையில் தெளிவாகவும் தெரிந்தது. ஆனால் ஒரு வருஷத்தில் ஆன்டிபாடி இறங்கியபோது பாதுகாப்பும் இறங்கியது. அந்தக் கிருமி தொண்டையில் குடியேறி ரத்தத்துக்குள் பாயப் பெரும்பாலும் நான்கு நாளுக்கு மேல் ஆகாது. நினைவு செல் கண் விழிப்பதற்குள் கதை முடிந்துவிடும். 2006-ல் 12 மாத ஊக்கத் தவணையைச் சேர்த்தார்கள்.

படிகம்

இருவருக்கும் நன்றி. நாள் கணக்கு போட்டுப் பார்த்ததும் மூன்று விதியும் ஒன்றாகிவிட்டது. இரண்டு துணைக் கேள்விகள். ஒன்று, தடுப்பூசித் தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் என்பது ஜெர்மினல் சென்டர் வேலை முடியத்தானா? இரண்டு, நிமோகாக்கஸுக்கு (நிமோனியா தரும் ஒரு பாக்டீரியா) இரண்டு வகை ஊசி இருக்கிறதே, ஒன்றைக் குழந்தைக்குப் போடுவதில்லை. ஏன்?

மஜ்ஜை

ஆமாம், பெரும்பாலும் அதனால்தான். முதல் தவணை போட்டு இரண்டு வாரத்தில் அடுத்ததைப் போட்டால், பட்டறையில் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே ஆன்டிஜெனை மறுபடி கொட்டுகிறீர்கள். மட்டமான பிடி உள்ள செல்லும் பிழைத்துக்கொள்ளும், போட்டி தளர்ந்துவிடும். அதோடு முதல் அலை ஆன்டிபாடி உச்சத்தில் இருந்தால் புது ஆன்டிஜெனை அது மூடி அப்புறப்படுத்திவிடும். ஹெபடைடிஸ் பி-யின் 0, 1, 6 மாத அட்டவணையில் கடைசி இடைவெளி அவ்வளவு நீளமாக இருப்பதன் பலன், மூன்றாம் தவணை தேர்ந்த நினைவு செல்களை எழுப்புகிறது. அளவு பல மடங்கு தாவுவது அப்போதுதான்.

மறுபக்கம், தவணை தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நினைவு செல் காத்திருக்கும். இடைவெளி குறைந்தால் கெடுதல். கூடினால், நடுவில் பாதுகாப்பு இல்லாத நாட்கள் கூடும் என்பதைத் தவிர பெரிய நஷ்டமில்லை.

பாலிமர்

நிமோகாக்கஸ் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி வகை: மூன்றும் பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலியால் ஆன உறையைப் போர்த்திக்கொண்டவை. பி செல் அந்தச் சர்க்கரையை அடையாளம் காணும். ஆனால் உள்ளே இழுத்து வெட்டினால் டி செல்லிடம் காட்டப் புரதத் துண்டு ஏதும் கிடைக்காது. டி செல் உதவி இல்லாவிட்டால் உருப்படியான ஜெர்மினல் சென்டர் இல்லை. அப்படியானால் ஆன்டிபாடி எப்படி வருகிறது? சர்க்கரைச் சங்கிலியில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதால் ஒரு பி செல்லின் பல ஏற்பிகளை ஒருசேர இழுத்துக் கட்டுகிறது. அந்தத் தூண்டலே ஓரளவு போதும். வருவது ஐஜிஎம்-மும், ஐஜிஜி-யின் ஓர் உட்பிரிவான ஐஜிஜி2-வும், பிடி கூடாது, நினைவு நிலைக்காது.

இந்த வழியில் முக்கியப் பங்காற்றுவது மண்ணீரலின் மார்ஜினல் ஜோன் பி செல்கள். இரண்டு வயது வரை அவை முதிர்வதில்லை. 23 வகைச் சர்க்கரை மட்டும் உள்ள நிமோகாக்கஸ் ஊசி கைக்குழந்தைக்கு எடுபடாததன் காரணம் இது. மண்ணீரலை அகற்றியவர்களுக்கு இதே மூன்று கிருமிகள் ஆபத்தாவதும் இதே கதைதான். திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகளை முடிக்க வேண்டும். அவசர அறுவை என்றால் இரண்டு வாரம் கழித்து.

இரண்டாவது வகையான இணைப்பு ஊசியில் உள்ள தந்திரம் எளியது, ஆனால் மிக அழகானது. சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிப் பிணைப்பால் கட்டிவிடுகிறார்கள்: டெட்டனஸ் டாக்ஸாய்டு (நஞ்சு நீக்கிய டெட்டனஸ் நச்சு), அல்லது டிப்தீரியா நச்சில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி நஞ்சு நீக்கிய சிஆர்எம் 197. பி செல் பிடிப்பது சர்க்கரையை. பிடித்த சர்க்கரையோடு கட்டிய புரதமும் கூடவே உள்ளே போகிறது. டி செல்லிடம் காட்டுவது அந்தப் புரதத்தின் துண்டை. டி செல் உதவுவது புரதத்துக்காக, உதவி பெற்று முதிர்வது சர்க்கரைக்கான பி செல். இரண்டையும் கட்டாமல் வெறுமனே கலந்து ஊசி போட்டால் பயனில்லை. சர்க்கரையை ஒரு செல்லும் புரதத்தை வேறொரு செல்லும் விழுங்கிவிடும்.

வெறும் சர்க்கரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் பதில் வினை கூடுவதற்குப் பதில் குறையலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருக்கிற நினைவு செல்களை அது பிளாஸ்மா செல்லாக்கித் தீர்த்துவிடுகிறது, புதியவற்றைச் செய்வதில்லை. இரண்டு வகையும் தேவைப்படுகிறவர்களுக்கு இணைப்பு ஊசியை முதலில் போடுவது அதனால்தான்.

ஒட்டுப்புல்

ஒரு சின்ன இடையீடு. "ஆன்டிபாடி கிருமியைக் கொல்லும்" என்று இதுவரை இங்கே யாரும் எழுதவில்லை, சந்தோஷம். ஆனால் படிப்பவர் மனதில் அந்தப் படம் இருக்கும். ஆன்டிபாடிக்குக் கொல்லும் கருவி கிடையாது. இரண்டு கையும் ஒரு வாலும்தான். கை ஆன்டிஜெனைப் பிடிக்கும், வால் மற்றவர்களைக் கூப்பிடும்.

கை மட்டுமே வேலை செய்யும் சந்தர்ப்பம் நடுநிலையாக்கல்: வைரஸ் செல்லைத் தொடும் முனையையோ நச்சு ஒட்டும் முனையையோ மூடிவிடுவது. இங்கே எங்கே ஒட்டுகிறது என்பதே எல்லாம். வைரஸின் மற்றொரு பக்கத்தில் எவ்வளவு ஒட்டினாலும் அது உள்ளே நுழைவது நிற்காது. ஆன்டிபாடி அளவு அதிகமாக இருந்தும் நடுநிலையாக்கும் திறன் குறைவாக இருப்பது இப்படித்தான். டெங்குவில் இது வெறும் பயனின்மையோடு நிற்பதில்லை. ஒரு வகை வைரஸுக்கு வந்த ஆன்டிபாடி, வேறு வகை டெங்குவில் அரைகுறையாக ஒட்டி, வாலைப் பிடித்துக்கொண்டு மோனோசைட் என்ற வெள்ளணுவுக்குள் வைரஸைக் கூட்டிக்கொண்டுபோய் விடும்.

வால் செய்யும் வேலைகளில் பெரியது, விழுங்கும் செல்களுக்கு அடையாளம் காட்டுவது. உறை போர்த்திய பாக்டீரியா வழுக்கும்; ஐஜிஜி பூசினால்தான் நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும் பிடித்து விழுங்கும். அடுத்தது காம்ப்ளிமென்ட், ரத்தத்தில் உள்ள பாதுகாப்புப் புரதங்களின் தொடர். அதன் முதல் கண்ணி சி1க்யூ, பல தலை கொண்ட மூலக்கூறு, பல வால்களை ஒருசேரப் பிடித்தால்தான் இயங்கும். ஐந்து அலகு சேர்ந்த ஐஜிஎம் ஒன்றே போதும். அதுவும் பரப்பில் ஒட்டி வளைந்த பிறகுதான் பிடிமானம் தெரியும், ரத்தத்தில் சும்மா மிதக்கும்போது தெரியாது. ஐஜிஜி என்றால் பல மூலக்கூறுகள் நெருங்கி ஒட்டியிருக்க வேண்டும், ஆறு வட்டமாக நின்றால் உத்தமம். காம்ப்ளிமென்ட் கடைசியில் துளை போடும் என்று படங்களில் பெரிதாகக் காட்டுவார்கள். தடித்த சுவருள்ள கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவை அந்தத் துளை ஒன்றும் செய்யாது. துளை போடும் பகுதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு முக்கியமாக நைசீரியா (மெனிங்கோகாக்கஸ் சேர்ந்த பாக்டீரியா இனம்) தொற்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. மற்றவற்றுக்குப் பூசி விழுங்கவைப்பதே பெரிய வேலை.

ஐஜிஏ என்ற ரகத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். உடம்பு தினமும் செய்யும் ஆன்டிபாடியில் மற்ற எல்லா ரகத்தையும் கூட்டினாலும் ஐஜிஏ அளவு வராது. பெரும்பகுதி குடல், மூச்சுப்பாதைச் சளிப்படலத்துக்குப் போய்விடுவதால் ரத்தப் பரிசோதனையில் அந்தப் பெருந்தொகை தெரிவதில்லை. தசையில் போடும் ஊசி ரத்தத்தில் ஐஜிஜி-யை ஏற்றும், மூக்கில் ஐஜிஏ-வை அவ்வளவாக ஏற்றாது. ஊசி போட்டவருக்குக் கடும் நோய் வராமல் சளி மட்டும் பிடிப்பதன் ஒரு காரணம் அங்கே இருக்கிறது.

சீரம்குழாய்

ஆய்வக மேசையிலிருந்து சில எச்சரிக்கைகள். மேலே சொன்ன உயிரியல் தெரிந்தவர்களும் ரிப்போர்ட் படிக்கும்போது சறுக்கும் இடங்கள் இவை.

ஹெபடைடிஸ் பி அளவை எப்போது எடுத்தீர்கள் என்பது முக்கியம். கடைசித் தவணை முடிந்து 1 முதல் 2 மாதத்தில் எடுத்து 10-க்குக் கீழே இருந்தால், அவர் பதில் வினை காட்டாதவர். பத்து வருஷம் கழித்து முதல்முறையாக எடுத்து 10-க்குக் கீழே இருந்தால் இரண்டில் எதுவும் இருக்கலாம்: ஏறி இறங்கியவர், அல்லது ஏறவே ஏறாதவர். எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒரு தவணை போட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். தாவி ஏறினால் நினைவு செல் இருக்கிறது. ஏறாவிட்டால் மீதித் தவணைகளையும் முடித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். தடுப்பூசியில் மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டுமே உண்டு என்பதால் ஊசி போட்டவருக்கு ஆன்டி-எச்பிசி (வைரஸின் உள்கருப் புரதத்துக்கான ஆன்டிபாடி) வராது. அது பாசிட்டிவ் என்றால் உண்மையான வைரஸ் எப்போதோ உள்ளே வந்திருக்கிறது.

மொத்த ஐஜிஜி டெசிலிட்டருக்கு 700 முதல் 1600 மில்லிகிராம், "நார்மல்" என்று வந்தால் குறிப்பிட்ட கிருமிக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்று பொருளல்ல. மொத்தம் சரியாக இருந்தும் பாலிசாக்கரைடுக்கு ஆன்டிபாடியே செய்யாத நோயாளிகள் உண்டு. சந்தேகம் வந்தால் ஊசி போடும் முன் ஒரு மாதிரி, போட்டு 4 முதல் 8 வாரத்தில் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொண்டிருப்பவரிடம் இந்தச் சோதனை வீண். நீங்கள் அளப்பது தானம் செய்தவர்களின் ஆன்டிபாடியை.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்று என்று உடனே எழுதிவிடாதீர்கள். ருமட்டாய்டு ஃபாக்டர் (ஐஜிஜி-யின் மேலேயே ஒட்டும் ஆன்டிபாடி) இருந்தால் பொய்யாகக் காட்டும், தொடர்புள்ள வைரஸ் இருந்தாலும் காட்டும், சிலருக்கு மாதக்கணக்கில் இறங்காமலும் நிற்கும். கர்ப்பிணியின் டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா சந்தேகத்தில் ஐஜிஜி அவிடிட்டி (பிடியின் இறுக்கம்) பாருங்கள். ஒட்டிய ஆன்டிபாடியை யூரியா கரைசலால் கழுவி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளப்பதுதான் அந்தச் சோதனை. மஜ்ஜை மேலே சொன்ன பட்டறை வேலை முடிந்திருந்தால் பிடி இறுகியிருக்கும், கழுவினாலும் போகாது. இறுகிய பிடி கடந்த 3, 4 மாதத்தில் தொற்று இல்லை என்று சொல்லும். தளர்ந்த பிடி புதுத் தொற்று என்று உறுதி சொல்லாது. சிலருக்கு இறுக நாளாகும்.

திரட்டல் சோதனைகளில் ப்ரோஜோன் என்ற பொறி உண்டு. ஆன்டிபாடி மிதமிஞ்சி இருந்தால் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாக மூடிவிடும், இரண்டு துகளைக் கோக்கக் கை மிஞ்சாது, திரளாது, நெகட்டிவ் என்று தோன்றும். இரண்டாம் நிலை சிஃபிலிஸில் விடிஆர்எல் என்ற ரத்தப் பரிசோதனை இப்படி ஏமாற்றும். அறிகுறி பலமாக இருந்து முடிவு நெகட்டிவ் என்றால் சீரத்தை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள்.

கைக்குழந்தையின் ஐஜிஜி தாயுடையது, நஞ்சுக்கொடி வழியே வந்தது. எச்ஐவி தாயின் குழந்தைக்கு 18 மாதம் வரை ஆன்டிபாடி பாசிட்டிவ் வந்தாலும் பொருளில்லை, வைரஸையே தேட வேண்டும். ஐஜிஎம் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. பிறந்த குழந்தையிடம் குறிப்பிட்ட ஐஜிஎம் இருந்தால் அது குழந்தையே செய்தது.

தாமிரக்கம்பி

கடைசிக் குறிப்போடு ஒன்றைச் சேர்க்கலாம். பிறவியிலேயே பி செல் உருவாகாத ப்ரூட்டன் நோயில் (1952-ல் விவரிக்கப்பட்டது, பிடிகே மரபணுக் கோளாறு) ஆண் குழந்தை முதல் ஆறு மாதம் நன்றாகவே இருக்கும். தாயின் ஐஜிஜி தீர்ந்த பிறகுதான் காதிலும் நுரையீரலிலும் சீழ்த் தொற்று வரிசையாகத் தொடங்கும். பெரும்பாலான வைரஸ் காய்ச்சல்களை அதே குழந்தை சமாளித்துவிடும், டி செல் நன்றாக இருப்பதால்.

படிகம்

கடைசியாக ஒரு கேள்வி, தலைப்போடு தொடர்புடையதுதான். ரிட்டுக்ஸிமாப் மருந்து பி செல்களையே அழிக்கிறது. ஆனால் அதை எடுத்துக்கொள்பவருக்குப் பழைய தட்டம்மை, டெட்டனஸ் ஆன்டிபாடி பெரிதாக இறங்குவதில்லை என்கிறார்களே?

மஜ்ஜை

அந்த மருந்து பிடிப்பது செல்லின் மேலுள்ள சிடி20 என்ற புரதத்தை. முதிர்ந்த பி செல்லிடமும் நினைவு செல்லிடமும் சிடி20 உண்டு. மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்மா செல் அதைக் களைந்துவிட்டது. அதைப்போலவே மூலச் செல்லிடமும் இல்லை. ஆகவே பழைய உற்பத்தி ஓடிக்கொண்டே இருக்கும், புது ஆள் சேர்ப்பு நிற்கும். பல சுற்று தொடர்ந்து கொடுத்தால் மொத்த ஐஜிஜி மெதுவாக இறங்கலாம், அதனால் அவ்வப்போது அளப்பார்கள்.

நடைமுறையில் இரண்டு விஷயம். மருந்துக்குப் பின் பி செல்கள் திரும்ப வழக்கமாக 6 முதல் 12 மாதம். அந்தக் காலத்தில் போடும் ஊசி பெரும்பாலும் வீண், டி செல் மட்டும் ஓரளவு கற்றுக்கொள்ளும். முடிந்தால் மருந்து தொடங்க நான்கு வாரம் முன்பே உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசிகளை முடித்துவிட வேண்டும். தொடங்கிவிட்டால் கடைசி டோஸிலிருந்து ஆறு மாதம் தள்ளி, அடுத்த சுற்றுக்குச் சில வாரம் முன்பாக.

இன்னொன்று, ஹெபடைடிஸ் பி. பழைய தொற்று ஈரல் செல்லின் உட்கருவில் டிஎன்ஏ-வாகப் பதுங்கியிருக்கும். அதை அடக்கி வைப்பதில் பி செல்லுக்கும் பங்குண்டு. மருந்து தொடங்கும் முன் எச்பிஎஸ் ஆன்டிஜெனையும் (வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென்), சீரம்குழாய் சொன்ன அந்த ஆன்டி-எச்பிசி-யையும் இரண்டையுமே பார்த்தாக வேண்டும். ஆன்டிஜென் நெகட்டிவ் என்று நிம்மதியாகி ஆன்டி-எச்பிசி-யைப் பார்க்காமல் விட்டால், சில மாதம் கழித்து வைரஸ் எழுந்து ஈரலைத் தாக்கலாம். பாசிட்டிவ் என்றால் வைரஸ் தடுப்பு மாத்திரையை முன்பே தொடங்கி, ரிட்டுக்ஸிமாப் நிறுத்திய பிறகும் குறைந்தது ஒரு வருஷம் தொடர்வார்கள்.